துருவக் கப்பலும் வீட்டுச் சத்தமும்

786

போடிநாயக்கனூர்
9.11.2024

அன்பு மகள் பவித்ராவுக்கு,

ரசியாம்மா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் கைகால் நடமாட்டத்தோடு இருக்கிறோம். அந்த அளவுக்கு அல்லாஹ் குறை வைக்கவில்லை. நீயும் பம்பாயில் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்குகிறாய் என்று நம்ப ஆசைப்படுகிறேன். உன் போன் வருகிற நேரத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

போனிலேயே பேசலாமே, எதற்குக் கடிதம் என்று கேட்பாய். எல்லாம் உன் அத்தாவால்தான். மெஹ்ரின் தன் அப்பாவை அத்தா என்று கூப்பிட்டதைப் பார்த்து நீயும் அப்படியே கூப்பிட்டுப் பழகியதில் அந்த மனுஷனுக்கு உன் மேல் உரிமை அதிகம். நான் போனை எடுத்தாலே பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, "என்ன சொல்றா, பவி என்ன சொல்றா" என்று முழங்கையால் இடிக்கிறார். நீ சொன்னதை நான் திருப்பிக் கத்திச் சொன்னால் தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். காது மந்தம் என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். நான்தான் வரவர வாய்க்குள்ளேயே பேசுகிறேனாம். கல்யாணமான நாளிலிருந்து என் சத்தம் மார்க்கெட் வரைக்கும் கேட்கிறது என்று குறைப்பட்டவர் பேசுகிற பேச்சைப் பார். கடிதம் என்றால் அவரும் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசிப்பார்.

நீ கேட்ட நான்கு கேசட்டுகளும் இந்தப் பார்சலில் இருக்கின்றன. மெஹ்ரின் மௌத்தாகி நம்மை விட்டுப் போன பிறகு உன் அம்மா சுப்புத்தாய் மலையிலிருந்து ஜீப்பில் கொண்டுவந்து கொடுத்தாளே, அதே டப்பாதான். அத்தா அதைத் துணியில் சுற்றி, மேலே பாலிதீன் போட்டு, அதற்கும் மேலே சாக்கு வைத்துத் தைத்திருக்கிறார். கூரியர்காரப் பையன் உள்ளே ஏலக்காயா என்று கேட்டானாம். அதைவிட உசத்தி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

அந்தப் பழைய டிவி தொடரைச் சீர்செய்து உன் கம்பெனி போடப்போகும் டிஸ்க் பெட்டியில் ஒரு சிறு புத்தகமும் வைப்பார்கள், அதற்கு இந்தக் கேசட்டுகளின் கதை வேண்டும் என்றாய். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். வேண்டாததை நீ வெட்டிக்கொள்.

"துருவக் கப்பல்" டிவியில் வந்தது நீங்கள் இருவரும் எட்டாவது படித்த வருஷம். ஞாயிற்றுக்கிழமை காலையில் வரும். ஏரியலைக் கொடைக்கானல் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், காற்றடித்தால் படம் போய்விடும். பூமியிலிருந்து கிளம்பிய கப்பல் ஒன்று வழி தவறி நட்சத்திரங்களுக்கு நடுவே அலைகிறது. அதன் தலைவி கேப்டன் சுடர்க்கொடி ஒவ்வொரு வாரமும் கடைசியில் ஒரு பொத்தானை அழுத்திக்கொண்டு, "பூமி, கேட்கிறதா?" என்பாள். பதில் வராது. அத்துடன் அந்த வாரம் முடியும். பொம்பளை ஒருத்தி கத்திக் கத்திக் கேட்கிறாள், பதில் சொல்ல ஒருத்தருக்கும் நேரமில்லை, இதைப் பார்க்க ஆகாயத்துக்கு ஏன் போக வேண்டும், என் அடுப்படிக்கு வந்தால் போதாதா என்று ஒருநாள் கேட்டேன். மெஹ்ரின் தலையணையைத் தூக்கி என் மேல் எறிந்தாள்.

நீ வாரநாளில் போடி ஹாஸ்டலில் இருப்பாய். சனிக்கிழமை ஆனால் எஸ்டேட் ஜீப்பில் ஏறி மேலே போய்விடுவாய். உங்கள் எஸ்டேட் லயத்து வீட்டில் அப்போது கரண்டே கிடையாது, டிவிக்கு எங்கே போவது? உனக்குக் கிடைக்காத கதை தனக்கு மட்டும் எதற்கு என்று முதல் வாரமே மெஹ்ரின் அழுதாள். அடுத்த வாரம் அத்தாவின் டேப் ரிக்கார்டரை எடுத்து டிவிக்கு முன்னால் முக்காலியில் வைத்தாள். சத்தம் அதில் பதியும். படத்துக்கு என்ன செய்வது? படத்தை அவள் வாயால் சொன்னாள். "பவி, இப்பக் கதவு தொறக்குது. நம்ம கடை ஷட்டர் கணக்கா மேல போகுது. உள்ள யாரும் இல்ல பவி, வெறும் புகை." இப்படியே அரைமணி நேரமும் சொல்வாள். இருந்தது நான்கே கேசட், அதிலேயே அழித்து அழித்துப் பதிந்ததால் கடைசி நான்கு வாரம்தான் மிஞ்சியது. எங்கள் டிவி கருப்பு வெள்ளை. அவளோ சிவப்பு லைட்டு, ஊதாக் கல்லு என்று நிறம் நிறமாகச் சொல்வாள்.

கடைசியில் கேப்டன், "பூமி, கேட்கிறதா?" என்றதும் மெஹ்ரின் டிவியைப் பார்த்து, "கேக்குது, கேக்குது, சொல்லுங்க!" என்று கத்துவாள். பூமியில் வேறு யாரும் பதில் சொல்லாததால் போடியிலிருந்து இவள் சொன்னாள். பின்கட்டில் ஏலக்காய் பொறுக்குகிற பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

அதற்கப்புறம் அந்தத் தொடர் பட்ட பாடு உனக்கே தெரியும். சில வருஷம் கழித்து வேறொரு டிவியில் மத்தியானத்தில் போட்டார்கள். ஒன்பது வாரத்தோடு நின்றுபோனது. தயாரித்த கம்பெனி மிச்ச நான்கையும் அழித்து, அதே டேப்பில் வேறு எதையோ எடுத்துவிட்டதாம். என் தம்பி அப்துல் சமது துபாயிலிருந்து வீடியோ கேசட் அனுப்பினான், அதிலும் ஒன்பது. மதுரையில் சிடி வந்தது, பிறகு டிவிடி வந்தது. ஒவ்வொன்றையும் உன் அத்தா விடாமல் வாங்கி வந்து அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். ஒன்பதுக்கு மேல் இருக்காது. கப்பல் வீடு திரும்பியதா இல்லையா என்பதற்கு விடை தமிழ்நாட்டில் யாரிடமும் இல்லை. எங்கள் பீரோவில் இருந்தது.

வருஷத்தில் ஒருநாள், அவள் போன நாளில், பத்தாவது வாரத்துக் கேசட்டை மட்டும் போட்டுக் கேட்போம். ஒரு வருஷம் ரிக்கார்டர் டேப்பைக் கடித்துவிட்டது. அத்தா பென்சிலை விட்டுச் சுற்றி எப்படியோ மீட்டார். அன்றைக்குப் பிறகு பயந்துபோய் நாங்கள் போடவே இல்லை. அவள் குரல் எங்கள் இருவரின் காதிலும் விழுந்து வருஷக்கணக்காகிறது.

அத்தா உன்னிடம் முக்கியமாக ஒன்று சொல்லச் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "நல்லா சுத்தம் பண்ணிக் குடுக்கச் சொல்லு. குக்கர் விசிலு, நீ கத்துறது, தெருச் சத்தம் எதுவும் இருக்கக் கூடாது. ஆக்‌ஷனுக்குப் போற ஏலக்கா கணக்கா, தூசி தும்பு இல்லாம இருக்கணும். ஊரு ஒலகம் எம் மக பேரப் பாக்கப் போகுது." ஏலக்காய்க்காரருக்கு எதையும் புடைத்துப் பொறுக்கினால்தான் திருப்தி. நான் கத்துவதையும் சேர்த்துப் பொறுக்கச் சொல்கிறாரே என்று எனக்குக் கோபம்தான். இருந்தாலும் அவர் சொல்வது சரி என்றே படுகிறது.

வெரசாக முடித்து அனுப்பு அம்மா. மதுரை டாக்டர் அவர் காதைப் பார்த்துவிட்டு, இது ஏறாது, இறங்கிக்கொண்டேதான் போகும் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். காது இருக்கும்போதே மகள் குரலை ஒருதரம் நல்லபடியாகக் கேட்டுவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வேறு ஒன்றுக்கும் அவர் இப்போது ஆசைப்படுவதில்லை. (இந்தப் பத்தியை அவர் வாசித்து முடித்த பிறகு சேர்த்தேன்.)

உன் கைபட்டு எல்லாம் நல்லதாக முடியட்டும்.

அன்புடன்,
ரசியாம்மா


786

போடிநாயக்கனூர்
22.2.2025

அன்பு மகள் பவித்ராவுக்கு,

ரசியாம்மா எழுதுகிறேன். இந்தக் கடிதம் அத்தாவுக்குத் தெரியாது. அவர் கடைக்குப் போன பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, குறையாக எடுத்துக்கொள்ளாதே.

நீ அனுப்பிய டிஸ்க் பெட்டியும் பிளேயரும் பத்திரமாக வந்துசேர்ந்தன. அட்டையின் பின்பக்கத்தில், "கடைசி நான்கு பாகங்களின் ஒலிப்பதிவும் காட்சி விவரமும்: மெஹ்ரின் கலீபுல்லா, போடிநாயக்கனூர்" என்று போட்டிருந்தது. அத்தா அந்த வரியை விரலால் தடவித் தடவிப் பார்த்தார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் எல்லோரையும் கூப்பிட்டுப் பார்ப்பது என்று முடிவு செய்தார். நெய்ச்சோறு ஆக்கச் சொன்னார். பெருநாளுக்கு என்று வைத்திருந்த புதுச் சட்டையைப் பிரித்துப் போட்டுக்கொண்டார். என் தங்கை முபீனா குடும்பத்தோடு வந்தாள். சிலமலையிலிருந்து உன் அம்மா, அந்த முழங்கால் வலியோடு பஸ் பிடித்து வந்தாள். காய் பொறுக்குகிற பெண்களும் கூடத்தில் உட்கார்ந்தார்கள்.

நேராகப் பத்தாவதைப் போடச் சொன்னார் அத்தா. படம் ஓவியமாக வந்தது. மெஹ்ரின் வாயால் சொன்னதை வைத்தே எல்லாவற்றையும் வரைந்திருக்கிறார்கள் என்று நீ சொல்லியிருந்தாய். கதவு கடை ஷட்டர் போலவே மேலே போனது. கேப்டன் சுடர்க்கொடி பச்சைப் பாவாடையும் மஞ்சள் கரையுமாக வந்து நின்றாள். பவி, அது மெஹ்ரினுக்கு அந்த வருஷம் பெருநாளைக்கு எடுத்த பாவாடை. கருப்பு வெள்ளை டிவியில் நிறம் ஏது? தான் போட்டிருந்ததைக் கேப்டனுக்குப் போட்டுவிட்டிருக்கிறாள். உன் கம்பெனிக்காரர்கள் அதை நம்பி அப்படியே வரைந்திருக்கிறார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. இனி அவள் குரல் வரும் என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

குரல் வரவில்லை.

"பவி, ஆரம்பிச்சிருச்சு" என்றுதான் பத்தாவது கேசட் ஆரம்பிக்கும். அது இல்லை. முதலில் கொஞ்சம் வெட்டியிருப்பார்கள் என்று நினைத்தேன். கதவு திறந்தது, அவள் இல்லை. புகை வந்தது, அவள் இல்லை. கேப்டன் பேசுவது அடுத்த அறையில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவாக இருந்தது. குக்கர் இல்லை, தெரு இல்லை, என் கத்தல் இல்லை, என் பிள்ளையும் இல்லை. எங்கள் வீடே அதில் இல்லை.

முடிவில் அந்தம்மா பொத்தானை அழுத்தி, "பூமி, கேட்கிறதா?" என்றாள். வழக்கமாக மெஹ்ரின் கத்துகிற இடம். கொஞ்சம் வெறுமையாக ஓடிவிட்டு இசை வந்துவிட்டது. உன் அம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "எங்க ரசியாம்மா, நம்ம புள்ளையக் காணோம்?" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். நல்லவேளை, அது அத்தா காதில் விழவில்லை.

அவர் ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை முழுதாக ஏற்றி, அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னார். ஜன்னல் அதிர்ந்தது. அது முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "சொன்னாளா ரசியா?" என்று கேட்டார்.

சொன்னாள் என்று சொல்லிவிட்டேன். நல்லா சொன்னா, எப்பவும் போல ரெண்டு தரம் சொன்னா என்றேன். நான் வேறு என்ன செய்ய? அந்த முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல எனக்கு நெஞ்சுரம் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "எனக்குத்தான் எட்டலை" என்றார். சாப்பிட உட்கார்ந்தபோது எல்லோரிடமும், "எம் மக பேச்சக் கேட்டீகளா?" என்று கேட்டார். அத்தனை பேரும் என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்டோம் என்றார்கள்.

அன்றைக்கு எத்தனை முறை உனக்குப் போன் செய்தேன் என்று உனக்குத் தெரியும். நீ எடுக்கவில்லை. பிறகு எழுதி அனுப்பியிருந்தாய். டேப் ரொம்பப் பழசாகிவிட்டதால் மிஷினில் ஒருமுறை ஓடியதுமே பொடியாக உதிர்ந்துவிட்டது என்றும், தொடரின் சத்தத்தையும் வீட்டுச் சத்தத்தையும் தனித்தனியாகப் பிரித்து, தொடரை மட்டும் வைத்துக்கொண்டார்கள் என்றும், மன்னித்துவிடுங்கள் என்றும். மன்னிப்பை எதற்கு நீ கேட்க வேண்டும்? சுத்தம் பண்ணச் சொல்லி வரிவரியாக எழுதியது என் கை. அவர் சொன்னது தூசியை. காயையே கழித்துவிடுவார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அவள் பேசியதை வைத்துத்தானே அத்தனை படமும் வரைந்தார்கள், அந்தப் பேச்சே அவர்களுக்குக் கழிவாகப் போகும் என்று யாருக்குத் தோன்றும்?

ஒரு தாயிடமிருந்து பிள்ளை ஒருமுறை போனால் போதாதா பவி. எனக்கு இரண்டாவது முறையும் போய்விட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காது மிஷின் என்று நான் வாயெடுத்தாலே எரிந்துவிழுவாரே, அவர் இந்தத் திங்கட்கிழமை தானாகவே கிளம்பி மதுரைக்குப் போய் அளவு கொடுத்துவிட்டு வந்துவிட்டார். பெருநாள் கழித்து மிஷின் வரும். "மாட்டுனதும் மொதல்ல அதைத்தான் கேக்கணும்" என்கிறார். மிஷின் வைத்தால் கொஞ்ச நாளைக்காவது நன்றாகக் கேட்கும் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவருக்குக் காது வந்த அன்றைக்கே மகள் அதில் இல்லை என்பதும் தெரியும், நான் சொன்னது பொய் என்பதும் தெரியும். இந்த வயதில் அதை அவர் தாங்குவாரா?

நேற்று பின்கட்டில் அன்னக்கொடி காய் பொறுக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்ல காயை ஒரு பக்கம் தள்ளினாள். வெடித்த காய், காம்பு, சக்கை எல்லாவற்றையும் கூட்டி அள்ளி, தனிச் சாக்கில் போட்டுக் கட்டி வைத்தாள். எங்கள் தொழிலில் கழித்ததைக்கூட யாரும் வெளியே எறிவதில்லை. மசாலா அரைக்கிற மில்லுக்காரன் வந்து அதையும் வாங்கிக்கொண்டு போவான். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது.

உன் கம்பெனியிலும் அப்படி ஒரு சாக்கு இருக்கும் அல்லவா? பிரித்தோம் என்றுதானே எழுதியிருக்கிறாய், அழித்தோம் என்று எழுதவில்லையே. நல்லது அவர்களுக்கே இருக்கட்டும். குக்கரும் தெருவும் என் கத்தலும் மெஹ்ரினும் கிடக்கிற அந்தக் கழிவை எங்களுக்கு அனுப்பச் சொல். அவர் காதில் மிஷின் ஏறுவதற்கு முன்னால் அது இங்கே வந்துவிட வேண்டும். யார் காலில் விழ வேண்டும் என்று சொல், நான் பம்பாய்க்கு வந்து விழுகிறேன்.

உன்னை நம்பி இருக்கிறேன். அல்லாஹ் உனக்கு வழிகாட்டட்டும்.

அன்புடன்,
ரசியாம்மா


786

போடிநாயக்கனூர்
12.4.2025

அன்பு மகள் பவித்ராவுக்கு,

ரசியாம்மா எழுதுகிறேன். உன் பதில் கிடைத்தது. கம்பெனியில் ஒவ்வொரு மிஷினாகத் திறந்து பார்த்தேன், வேலை முடிந்தவுடன் மிச்சத்தை அழித்துவிடுவதுதான் அங்கே வழக்கம், ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். பொறுப்பாளரிடம் நீ சண்டை போட்டு அழுததை உன் அம்மா சொன்னாள். போதும் விடு. இல்லாததற்கு உன் பிழைப்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

பெருநாள் கழித்து அவருடைய காது மிஷின் வந்தது. இங்கே போடியில் கோடை மழை ஆரம்பித்திருக்கிறது, மேலே குரங்கணிப் பக்கம் நல்ல மழையாம். முதல் நாள் மிஷினை மாட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தகரத்தில் மழை விழுவதைக் குழந்தை போலக் கேட்டார். காக்காய் கத்தினால் சிரித்தார். குக்கர் விசில் அடித்தபோது எழுந்து நின்றுவிட்டார். நான் வழக்கம்போல அன்னக்கொடியைக் கூப்பிட்டதும் காதைப் பொத்திக்கொண்டு, "யா அல்லாஹ், இவ்வளவு பெரிய சத்தத்தையா நான் இத்தன நாளு கேக்காம நிம்மதியா இருந்தேன்" என்றார். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணீர் வந்தது. அந்தச் சிரிப்போடு அன்றைய பொழுது போய்விடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டேன்.

மாலை அஸருக்குத் தொழுதுவிட்டு வந்து, யாரையும் கூப்பிடாமல் தானே டிஸ்க்கைப் போட்டார். நான் அடுப்படியில் நின்றேன். போய்ப் பக்கத்தில் உட்காரத் தைரியம் இல்லை. கேப்டன், "பூமி, கேட்கிறதா?" என்றாள். வெறுமை, பிறகு இசை. கொஞ்ச நேரம் கழித்து அதே இடத்தை மறுபடி போட்டார். மறுபடியும் போட்டார். பிறகு டிவியை நிறுத்துகிற சத்தம் கேட்டது.

எழுந்து அடுப்படிக்கு வந்தபோது மிஷின் அவர் காதில் இல்லை, கையில் டப்பாவில் இருந்தது. "இது சரிப்படாது ரசியா. கொரகொரங்குது. மத்ததெல்லாம் கேக்குது, டிஸ்க்ல இருக்கது மட்டும் ஒண்ணும் விளங்கல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீதான் கேட்டியே, அவ சொன்னான்னு. அது போதும் எனக்கு" என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கொண்டுபோய் பீரோவில், கேசட் இருந்த இடத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவர் என்னிடம் சொன்ன பொய் அது ஒன்றுதான் பவி. என் பொய்யைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னது. அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டது என்று எனக்கும் தெரியும். அதற்கப்புறம் அவர் மிஷினை எடுக்கவே இல்லை. நான் கேட்டால், எதுக்கு, காக்கா கத்துறத கேக்கவா என்கிறார். இருக்கிற காதும் நாளுக்கு நாள் இறங்குகிறது. இடது காதுப் பக்கம் ஒட்டி உட்கார்ந்து நிதானமாகப் பேசினால்தான் இப்போது பிடிபடுகிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒருவர் மனம் நோகாமல் ஒருவர் நடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சொல்லக் கூசுகிறது, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை.

போன வாரம் உன் அம்மா வந்திருந்தாள். அவளிடம் மட்டும் மனம்விட்டு அழுதேன். அவள் அப்போது ஒன்று சொன்னாள். எஸ்டேட்டில் உன் அப்பா மொக்கச்சாமியின் பேட்டரி டேப்பில் அந்தக் கேசட்டுகளை நீ ஓட்டாத நாளே கிடையாதாம். பேட்டரி தீர்ந்துபோனால் வெயிலில் காயவைத்து மறுபடி போடுவாயாம். லீவு நாளில் காய் பறிக்கக் கூடவந்தால், டேப்பே இல்லாமல் மெஹ்ரின் சொன்னதை முதலிலிருந்து கடைசிவரை அவளைப் போலவே சொல்லிக்கொண்டு பறிப்பாயாம். எங்கே மூச்சு வாங்குவாள், எங்கே சிரிப்பாள், நான் உள்ளேயிருந்து எந்த இடத்தில் கத்துவேன், எல்லாவற்றையும் சொல்வாயாம். "எம் மகளுக்கு அது மறக்காது ரசியாம்மா, அவ தூக்கத்துலயும் அதச் சொல்லுவா" என்றாள்.

எனக்கு அதுவரை இது உறைக்கவில்லை. அந்தக் கேசட்டில் அவள் ஒரு வார்த்தைகூட எங்களுக்காகப் பேசவில்லை. எல்லாம் பவி, பவி என்று உன்னிடம் பேசியதுதான். நாங்கள் பக்கத்தில் இருந்து ஒட்டுக்கேட்டவர்கள்.

அதனால் கேட்கிறேன். நீ வா. லீவு கிடைக்காது என்று சொல்லாதே. எங்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நீ தயங்குகிறாய், அது எனக்குத் தெரியாமல் இல்லை. இந்த வீட்டில் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். வந்து அத்தாவின் இடது பக்கம் உட்கார்ந்து, அவள் உனக்குச் சொன்னதை அப்படியே அவருக்குச் சொல். ஷட்டர் மேலே போவதைச் சொல், புகையைச் சொல், பச்சைப் பாவாடையைச் சொல். அவள் குரல் மாதிரி பேச வேண்டாம், உன் குரலிலேயே சொல். அந்த மனுஷனை ஏமாற்றுவதற்கு நான் உன்னைக் கூப்பிடவில்லை. ஒருமுறை ஏமாற்றிப் பட்டது போதும். அவள் பேசியதைக் கேட்டவள் வாயிலிருந்து அவர் கேட்கட்டும். அந்தக் கடைசி இடம் வரும்போது, "கேக்குது, கேக்குது, சொல்லுங்க" என்பதை மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிடு.

எனக்கும் நீ ஒன்று சொல்ல வேண்டும். பதிமூன்றாவதில் கப்பல் என்ன ஆனது? அவளைக் கொண்டுபோன காய்ச்சல் அன்றைக்குத்தான் ஆரம்பித்திருந்தது. இருமிக்கொண்டே உனக்காகப் பதிந்தாள். படுடி என்று சொன்னால் கேட்கவில்லை. நான் டிவியைப் பார்க்கவே இல்லை, அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிஸ்க்கில் இருக்கிறதே, போட்டுப் பார்க்கலாம்தான். பத்தாவதற்கு மேல் போட எங்களுக்கு மனம் வரவில்லை. கப்பல் வீடு வந்து சேர்ந்ததா என்று நீ சொன்னால் கேட்டுக்கொள்கிறேன்.

அய்யம்மாள் தோட்டத்து ஏலக்காய் வந்திருக்கிறது. உனக்கென்று நல்லதாக எடுத்து வைத்திருக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ. மலைக்காற்று ஒத்துக்கொள்ளாமல் போகப்போகிறது, ஸ்வெட்டர் கொண்டா. ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு ராத்திரி பகலாக வேலை பார்க்காதே. அதிகச் சத்தத்தில் எதையும் கேட்காதே. அந்தப் பாழாய்ப்போன மிஷின் சத்தத்துக்குப் பக்கத்தில் நிற்காதே.

மகளே, உன் காதுகளுக்கு எந்தக் குறையும் வராமல் அல்லாஹ் காப்பாற்றட்டும்.

உன் வரவுக்காகக் காத்திருக்கும்,
ரசியாம்மா